தூங்கும் பிள்ளையும் மயங்கிய பிள்ளையும்

எங்கள் அக்கா நம்மை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்குக் கட்டுரை எழுதித் தரும்படி அக்காவின் மகள் என்னிடம் கேட்டாள். கேட்கும்போதே, "சித்தி, பழசையெல்லாம் கிளற வேணாம். அம்மா எத்தனை பிரசவம் பாத்தாங்க, எத்தனை பேருக்கு உதவினாங்கன்னு எழுதுங்க, போதும்" என்றாள். சரி என்றுதான் சொன்னேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது, அந்தப் பழசை விட்டுவிட்டால் அக்காவைப் பற்றிச் சொல்ல என்னிடம் உண்மையாக எதுவும் மிஞ்சவில்லை என்று தெரிந்தது. எழுதி முடித்து முதலில் அவளிடமே படிக்கக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "அச்சுக்குக் கொடுத்துடலாம் சித்தி" என்றாள். உறவினர்களில் சிலருக்கு இது கசக்கும். அதற்கு நான் ஒருத்தியே பொறுப்பு.

அக்கா பிறந்தது தஞ்சாவூருக்குக் கிழக்கே, வெண்ணாற்றங்கரையில் எங்கள் ஊரில். அப்பா மிராசுதாரிடம் முக்கால் வேலி, அதாவது ஐந்து ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார். பிள்ளைகள் நாங்கள் மூவர். மூத்தவர் அண்ணன், அடுத்து அக்கா, கடைசியாக நான். எனக்கு நான்கு வயதில் அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அக்காவுக்கு அப்போது பதினொன்று. அன்றிலிருந்து எனக்குத் தலை பின்னியதும் சோறு பிசைந்து ஊட்டியதும் அக்காதான்.

அக்கா பத்தாம் வகுப்புத் தாண்டி நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டபோது அப்பா கொதித்துப் போனார். "பொம்பளப் புள்ள ஊர் ஊராப் போயிப் பிரசவம் பாக்குறதா? எவன் கட்டுவான்?" என்று கத்தினார். அக்காவுக்காக நின்றவர் அண்ணன்தான். "சர்க்கார் வேலைப்பா. நம்ம வம்சத்துல யாரு சர்க்கார் வேலைக்குப் போயிருக்கா? நான் கொண்டுபோய் விடுறேன்" என்று சொல்லி, சைக்கிளின் பின்னால் தகரப்பெட்டியையும் முன்கம்பியில் அக்காவையும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் வரை மிதித்துப் போனார். மாதம் ஒருமுறை அதே சைக்கிளில் போய் அக்காவைப் பார்த்து வந்தார். அண்ணனைப் பற்றி இதையும் சொல்லியாக வேண்டும். இது தெரியாவிட்டால், அக்கா பின்னால் அவரை ஏன் நம்பினார் என்பது உங்களுக்கு விளங்காது.

பயிற்சி முடிந்து சில ஆண்டுகள் வேறு இடங்களில் இருந்துவிட்டு, அக்கா எங்கள் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்துக்கே நர்ஸாக வந்தார். ஆட்சி மாறிக் கறுப்பு சிவப்புக் கொடி ஏறியிருந்த காலம். உழுபவனுக்கே நிலம் என்று மேடையில் பேசினார்கள். வயலில் கூலி நெல்லுக்காகச் சண்டை நடந்தது. கூலியாட்கள் குடியிருந்த கிழக்குத் தெருவில் செங்கொடி ஏறியது. மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவரப் பார்த்தார்கள். அண்ணன் அப்போது மிராசுதாரிடம் காரியக்காரராகச் சேர்ந்திருந்தார். எந்த வயலில் எத்தனை ஆள், எப்போது இறங்க வேண்டும், எப்போது கரையேறலாம் என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

என்னைப் பட்டுக்கோட்டையில் தேங்காய் வியாபாரக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தேன். பிரசவம் பார்த்தது அக்கா. மகன் பிறந்தான்.

தாயில்லாத வீட்டில் எனக்கு எதுவும் தெரியாது. பார்க்க வந்தவர்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். தலை உருண்டையாக வரும் என்று துணியைச் சுருட்டிப் பிள்ளைக்குத் தலையணை வைத்தேன். ஈ மொய்க்கிறதென்று முந்தானையால் முகத்தை மூடினேன். கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே பால் கொடுத்து அப்படியே தூங்கிவிடுவேன். ஐந்தாம் நாள் அக்கா வேலை முடிந்து வந்தவர், கட்டிலருகில் நின்று என்னையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

"ஏண்டி, கட்டில் நடுவுல குழிஞ்சிருக்கு பாரு. நீ ஒரு புரளு புரண்டா உன் ஒடம்பு எங்க வந்து நிக்கும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழ ஆரம்பித்துவிட்டேன்.

"அழாத. அம்மா இருந்தா சொல்லியிருப்பாங்க. நான் சொல்றேன் கேட்டுக்க" என்று அக்கா தரையில் கோரைப்பாயை விரித்தார். அதன்மேல் ஒரே ஒரு வேட்டித் துணியை மடித்துச் சுருக்கமில்லாமல் போட்டார். தலையணையை எடுத்து மூலையில் எறிந்தார். பிள்ளையை மல்லாக்கக் கிடத்தினார். "முகத்துக்குக் கிட்ட துணி கூடாது. கொசுவுக்கு வலைக்கூடை கவுத்துக்கலாம். பால் குடுத்ததும் தோள்ல போட்டு ஏப்பம் விட வெச்சு, அப்புறம் படுக்க வையி. ஒனக்குக் கண்ணு சொருகுதுன்னா பிள்ளையப் பாயில விட்டுட்டு நீ தள்ளிப் படு. கைக்கெட்டுற தூரம் போதும்."

"கவுத்துப் போட்டா நல்லாத் தூங்குறானேக்கா?"

"தூங்கும். மூக்கு துணியில அமுங்கினா திருப்பிக்கத் தெரியாது அதுக்கு."

தூளி கட்டலாமா என்று கேட்டேன். பகலில், ஆள் பக்கத்தில் இருந்தால் கட்டலாம் என்றார். துணி மூடிக்கொள்ளாதபடி மேலே குறுக்குக் கம்பு கொடுத்து விரித்துக் கட்டிக் காட்டினார். அடுப்புப் புகை வராத அறைக்கு என்னை மாற்றினார். பகலில் சன்னலைத் திறந்து போடு, பொழுது சாய்ந்ததும் விளக்கைச் சிறிதாக்கிப் பேச்சைக் குறை, பத்துப் பதினைந்து நாளில் பிள்ளைக்கே பகல் எது இரவு எது என்று பிடிபடும் என்றார். அப்படியே பிடிபட்டது.

ஒருநாள் பிள்ளை விடாமல் அழுதபோது, பக்கத்து வீட்டில் தூக்கத்துக்கு ஏதோ மருந்து உரைத்துத் தருகிறார்களாம், வாங்கட்டுமா என்று கேட்டுவிட்டேன். அக்கா என்மேல் கோபப்பட்டது அந்த ஒருமுறைதான். "தூங்குற பிள்ளை வேற, மயங்குன பிள்ளை வேறடி" என்றார். தூங்கிக்கொண்டிருந்த என் மகனின் உள்ளங்காலை விரலால் மெல்லச் சுண்டினார். அவன் முகத்தைச் சுளித்துக் காலை இழுத்துக்கொண்டான். "பாத்தியா? இது தூக்கம். சுண்டியும் கால் இழுக்கலன்னா அது தூக்கமில்ல."

எனக்குச் சொன்னதையெல்லாம் கிழக்குத் தெருவுக்கும் அக்கா சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அங்கே கேட்டுக்கொள்ள நேரம் ஏது? பிள்ளை பெற்ற முப்பதாம் நாள் நடவுக்கு இறங்கியாக வேண்டும். வாய்க்கால் கரைப் பூவரசில் தூளியைக் கட்டிவிட்டுத் தாய் சேற்றில் குனிந்திருப்பாள். தூளி இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு ஒரு பை மாதிரித் தொங்கும். உள்ளே பிள்ளை எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அழுதால் பால் கொடுக்கக் கரையேற விடமாட்டார்கள். அதனால் சில தாய்மார் அபினி கரைத்த சொட்டை நாக்கில் தடவிவிட்டு வயலுக்கு வந்தார்கள். அந்த அபினிதான் அக்காவைத் தூங்கவிடாமல் அடித்தது.

அக்கா மிராசுதாரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். களத்துமேட்டில் சும்மா கிடக்கும் வைக்கோல் கொட்டகையைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும், தாய்மார் முறைவைத்து வந்து பால் கொடுத்துப் போக அனுமதிக்க வேண்டும். மிராசுதார் சிரித்தாராம். அண்ணன்தான் எப்படியோ பேசிச் சம்மதம் வாங்கினார். சாணம் மெழுகிய தரையில் கோரைப்பாய்கள் வந்தன. மூங்கில் பிளாச்சை வளைத்து வலை கட்டினார்கள். பாக்கியம் என்கிற பெண்ணைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். ஒரு குறுவைப் பருவம் முழுக்கக் கொட்டகை நன்றாக நடந்தது. ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்கா சந்தோஷமாக இருந்து நான் பார்த்த காலம் அது.

அடுத்த நடவில் கூலிச் சண்டை முற்றியது. வேலை நிறுத்தம் வருமென்று பேச்சு. அதற்குள் நட்டு முடித்தாக வேண்டும், முடிக்காவிட்டால் வேறு காரியக்காரனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மிராசுதார் அண்ணனிடம் சொல்லிவிட்டார். தாய்மார் பாலுக்குக் கரையேறிப் போவதும் வருவதும் அண்ணன் கண்ணை உறுத்தத் தொடங்கியது.

அன்று அக்கா மாதாந்தரக் கூட்டத்துக்காகத் தஞ்சாவூர் போயிருந்தார். என் மகனுக்கு அப்போது ஆறாம் மாதம். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, முற்பகலில் கொட்டகைப் பக்கம் போனேன். ஏழு பிள்ளைகள் வரிசையாக மல்லாக்கப் படுத்திருந்தன. ஒன்றுகூட அழவில்லை. எவ்வளவு அழகாகத் தூங்குகின்றன என்று நினைத்ததை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"என்ன பாக்கியம், இன்னிக்கு ஒண்ணும் சத்தத்தையே காணோம்?"

"நர்ஸம்மா குடுத்துவிட்ட மருந்து நல்லா வேலை செய்யுதுங்க. காலையில ஒங்க அண்ணன் கொண்டாந்து குடுத்தாரு. ஆளுக்கு ரெண்டு சொட்டு விடச் சொல்லி நர்ஸம்மா அனுப்புனாங்களாம்."

கூரைச் செருகலில் இருந்து சின்னக் குப்பியை எடுத்துக் காட்டினாள். முகர்ந்தேன். அபினி வாடை. என் மகனைப் பாக்கியத்திடம் கொடுத்துவிட்டு ஓரத்தில் இருந்த பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினேன். கால் கொஞ்சம் அசைந்தது. அடுத்தது அசைந்தது. நடவுக்கு வந்திருந்த அஞ்சலையின் பெண் குழந்தை, பிறந்து ஒரு மாதமும் சில நாட்களும் ஆனது, அதன் காலைச் சுண்டினேன். அசையவில்லை. மறுபடி சுண்டினேன். உதடு நீலம் பாரித்திருந்தது.

நான் கத்திக்கொண்டு வரப்பில் ஓடினேன். பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டுச் சேற்றோடு ஓடிவந்தார்கள். மாட்டுவண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் காலைச் சுண்டி, கன்னத்தைத் தட்டி, தூங்கவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். வாய்க்கால் பாலம் தாண்டும்போது அஞ்சலை, "மூச்சு விடலியே, மூச்சு விடலியே" என்றாள்.

பஸ் இறங்கியதும் செய்தி கேட்டு நேராக ஓடிவந்த அக்காவும் டாக்டருமாக மற்ற ஆறு பிள்ளைகளையும் மீட்டார்கள். சாயங்காலம் ஒவ்வொன்றாக அழ ஆரம்பித்தன. அந்த அழுகைக்கு நடுவே அக்கா அஞ்சலையின் காலடியில் உட்கார்ந்திருந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த குப்பியை அக்காவிடம் கொடுத்து, பாக்கியம் சொன்னதையும் சொன்னேன்.

"என் பேரையா சொன்னாரு?" என்று அக்கா கேட்டார். "என் பேரச் சொல்லியா குடுத்தாரு?"

அதைத்தான் இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டார்.

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்கு வந்தார். வந்த வேகத்தில் அக்கா காலில் விழுந்தார். அண்ணன் தங்கை காலில் விழுந்து நான் பார்த்தது அன்றுதான். "தூங்கட்டும்னுதான் குடுத்தேன் தங்கச்சி. சாகும்னு தெரியாது. ஒன் பேரச் சொல்லலன்னா பாக்கியம் வாங்க மாட்டா. புத்தி கெட்டுப் போச்சு" என்று அழுதார். அப்பா சுவரோரம் நின்றிருந்தார்.

"நீங்களே போய்ச் சொல்லிடுங்கண்ணே" என்றார் அக்கா. "நான் எழுதி அனுப்பினா போலீஸு வந்து இழுத்துட்டுப் போவும். நீங்களாப் போய்ச் சொன்னா வேற."

"சொல்லிடுறேன். விசாரணைக்கு அதிகாரி வர்றாராம். அவருகிட்ட என் வாயால சொல்லிடுறேன். அதுவரைக்கும் என் பேரை மட்டும் எழுதிடாத. அந்தக் குப்பியக் குடு, நானே கொண்டுபோய் அவரு கையில குடுத்துடுறேன்."

அக்கா தயங்கினார். பாயில் என் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணன் குனிந்து அவன் தலைமேல் கை வைத்தார். "இந்தப் பிள்ளை மேல சத்தியம்" என்றார்.

அக்கா குப்பியைக் கொடுத்தார். அறிக்கையில், வெளியிலிருந்து வந்த மருந்தால் நேர்ந்த மரணம் என்று மட்டும் எழுதினார்.

அன்று பிற்பகல் அக்கா வேலைக்குப் போனபின் அப்பா என்னிடம் பேசினார். "அவன் ஜெயிலுக்குப் போனா குத்தகையும் போச்சு, குடும்பமும் போச்சு. அவளுக்கு என்ன, சர்க்கார் உத்தியோகம். கேட்டா ஏதாவது சமாதானம் சொல்லிக்குவா. நீ ஊருக்குப் போயிடு. ஒன்ன யாரும் தேட மாட்டாங்க." அப்பாவின் கடிதம் கண்டு என் மாமனார் விசாரணைக்கு முதல் நாள் வந்துவிட்டார். பிள்ளைக்காரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவா கட்டிக்கொண்டு வந்தோம் என்று அவர் கேட்டது வாசல் வரை கேட்டது.

அக்கா பஸ் ஏற்றிவிட வந்தார். பஸ்ஸில் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து அமுக்காமல், முகம் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு, "நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. நீ காதால கேட்டவ. வந்துடுவேல்ல?" என்றார்.

"வந்துடுறேன்க்கா" என்றேன்.

போகவில்லை. மாமனார் தடுத்தார் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் மறுநாள் காலையிலேயே மண்டிக்குப் போய்விட்டார். வீட்டில் என்னைக் கட்டிப் போட்டவர் யாருமில்லை. பஸ் நிலையம் ஐந்து நிமிட நடை. நான் பிள்ளைக்குப் பால் கொடுத்து, ஏப்பம் விட வைத்து, அக்கா சொன்னபடி மல்லாக்கக் கிடத்திவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

விசாரணையில் நடந்ததைப் பின்னால் தெரிந்துகொண்டேன். பஞ்சாயத்துக் கட்டடத்தில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மிராசுதாரும் இருந்தார். அண்ணன் எழுந்து, "மருந்து என் தங்கச்சி கொடுத்ததுங்க. கொட்டகையில கொடுத்துடுங்கன்னா. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவ்வளவுதான். நான் படிக்காதவன், எனக்கு என்ன தெரியும்?" என்றார். குப்பியைக் கேட்டதற்கு, தான் பார்க்கவே இல்லை என்றார். பாக்கியம் தான் கேட்டதை உள்ளபடி சொன்னாள்: நர்ஸம்மா அனுப்பியதாகச் சொல்லித்தான் கொடுத்தார்கள். அது அக்காவுக்கு எதிராகப் போயிற்று. அப்பா, மகள் ஏதோ குப்பியை அலமாரியில் வைத்திருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். அதுவும் பொய்யில்லை. நான் கொடுத்த குப்பி அது.

அக்காவுக்காகப் பேசிய ஒரே ஆள் அஞ்சலை. பிள்ளையைப் புதைத்த ஈரம் காயாதவள். "நர்ஸம்மா அப்படிச் செய்ய மாட்டாங்கய்யா. மருந்து குடுக்காதேன்னு எங்கள அடிக்காத கொறையாத் திட்டுனவங்க அவங்கதான்" என்றாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல் என்றார்கள். அவள் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பல மாதம் கழித்துக் குற்றம் நிரூபணமாகவில்லை என்று சொல்லி, கோடியக்கரைப் பக்கம் உப்பளத்து ஊருக்கு மாற்றினார்கள். கொட்டகையில் மறுபடி வைக்கோல் போட்டார்கள். தாய்மார் பழையபடி பூவரசில் தூளி கட்டினார்கள். நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்தபோது, மிராசுதார் மறைத்து வைக்க வேண்டிய நிலத்தில் ஒரு வேலியை அண்ணன் பெயருக்கு எழுதினார். அது பிறகு அண்ணனுக்கே நின்றுவிட்டது. அந்த நிலத்து நெல்லை நம் குடும்பத்தில் சாப்பிடாதவர்கள் இல்லை. நானும் சாப்பிட்டிருக்கிறேன். அக்கா சாப்பிட்டதில்லை.

உப்பளத்து ஊரில் அக்கா தன்னந்தனியாகப் போய் இறங்கினார். பாத்தியில் உப்பு வாரும் பெண்களின் பிள்ளைகளும் வெயிலில் தூளியில்தான் கிடந்தன. அக்கா மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மீனவர் தெருவில், முஸ்லிம் வீடுகளில், எங்கே பிள்ளை பிறந்தாலும் கோரைப்பாயோடு போய் நின்றார். அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த அத்தான், நடந்தது முழுவதையும் அக்கா வாயால் கேட்டறிந்த பிறகு அவரை மணந்துகொண்டார். அத்தானும் இன்று இல்லை. அவர் அக்காவை ஒருநாளும் சந்தேகப்படவில்லை என்பதை இங்கே நன்றியோடு எழுதுகிறேன்.

அக்காவுக்கு மகள் பிறந்த செய்தி மூன்றாம் மனிதர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பஸ் பிடித்துப் போனேன். கதவைத் திறந்தது அக்கா. "பிள்ளை நல்லா இருக்கானா?" என்றார். உள்ளே விட்டார். பத்து நாள் இருந்தேன். அவர் எனக்குச் செய்ததை அவர் மகளுக்கு நான் செய்தேன். பாய் விரித்தேன், ஏப்பம் விட வைத்தேன், வலைக்கூடை கவிழ்த்தேன். நான்காம் நாள் துணிந்து, "அக்கா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"உனக்காகத்தான் காத்திருந்தேன்" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. "பன்னெண்டு மணி பஸ்ஸு வர்ற வரைக்கும் விசாரணைய முடிச்சிடாதீங்கன்னு அந்த அதிகாரிகிட்டக் கெஞ்சினேன். என் தங்கச்சி வருவான்னு சொன்னேன். அவரும் காத்திருந்தாரு. பஸ்ஸு வந்துச்சு. ரெண்டு பேரு எறங்கினாங்க."

நான் அழுதேன். அக்கா அழவில்லை.

"அண்ணன் பொய் சொன்னது ஒரு விதம். அவருக்குப் பயம். நீ என்கிட்ட வர்றேன்னு சொன்ன பாரு, அதான் எனக்கு இன்னும் நெஞ்சுல நிக்குது" என்றார். பிறகு, "மெதுவாப் பேசு, பிள்ளை தூங்குது" என்று எழுந்து போய்விட்டார்.

அதன்பிறகு நாற்பது ஆண்டுகள் நாங்கள் போய் வந்துகொண்டிருந்தோம். என் பேரப்பிள்ளைகள் எல்லோரையும் அக்கா வந்து பார்த்தார். என்னிடம் அன்பாகவே இருந்தார். ஆனால் எதையாவது செய்கிறேன் என்று நான் சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டு அந்தக் காரியத்தை அவரே செய்துகொள்வார். ஒருமுறைகூட என் வார்த்தையை நம்பி அவர் எதற்கும் காத்திருக்கவில்லை. அதை நான் கவனித்தது அவருக்கும் தெரியும்.

சென்ற ஆண்டு அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனது. கடைசி மாதம் மகள் வீட்டில் இருந்தார். அண்ணன் காரில் வந்தார். தொண்ணூறை நெருங்கும் வயது, இரண்டு பேர் பிடித்து அழைத்து வந்தார்கள். கட்டிலருகில் நாற்காலி போட்டோம். உட்கார்ந்ததும், "தங்கச்சி, மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா" என்றார்.

அக்கா கண்ணைத் திறந்து பார்த்தார். "அஞ்சலைகிட்டப் போனீங்களா?"

அண்ணன் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அங்க போகாம எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?" என்றார் அக்கா. பிறகு மகளைக் கூப்பிட்டு, "மாமாவுக்குக் காப்பி கொடு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த ஒன்பதாம் நாள் காலையில், பேத்தி கையால் இரண்டு வாய் கஞ்சி குடித்தபின், அக்காவின் மூச்சு அமைதியாக நின்றது.

அக்காவைக் கடைசிவரை கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட மகளுக்கும் மருமகனுக்கும் இந்தக் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வீட்டுக்கே வந்து மருந்து ஏற்றிப் போன செவிலியர்களுக்கும், செய்தி கேட்டு உப்பளத்திலிருந்து வேலையை விட்டுவிட்டு லாரியில் வந்த பெண்களுக்கும், பள்ளிவாசல் தெருவிலிருந்து மூன்று நாளும் எல்லோருக்கும் சோறு அனுப்பிய வீட்டாருக்கும் எங்கள் நன்றி. "எங்க வீட்டுல அஞ்சு பிள்ளையும் அவங்க கையிலதான் கண்ணத் தொறந்துச்சு" என்று சொல்லி அந்த வீட்டம்மா பாத்திரங்களைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அஞ்சலை வந்திருந்தார். மகன் மோட்டார் சைக்கிளில் அழைத்து வந்தான். அந்தப் பெண் குழந்தைக்குப் பிறகு மூன்று பிள்ளைகள், மூவரையும் நர்ஸம்மா சொன்னபடியே வளர்த்ததாகச் சொன்னார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "நர்ஸம்மாவுக்குப் புஸ்தகம் போடுறீங்களாமே. அதுல எம் புள்ளையப் பத்தியும் ஒரு வரி வருமாம்மா?" என்று கேட்டார்.

எழுதுகிறேன் என்று அவரிடமும் சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

அந்த வரி இது. அஞ்சலையின் மூத்த மகள் பெயர் வைப்பதற்கு முன்பே இறந்தாள். அவளுக்கு அபினிச் சொட்டைக் கொடுத்தனுப்பியது எங்கள் அண்ணன். அக்கா பெயரைச் சொல்லித்தான் அது கொடுக்கப்பட்டது என்பதைப் பாக்கியத்தின் வாயிலிருந்து நான் என் காதால் கேட்டேன். அக்காவுக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்த மலரின் முதல் பிரதி அஞ்சலைக்கும், இரண்டாவது அண்ணனுக்கும் போகிறது.